பைக் கிளப்பா, போதை கம்பெனியா? கனடாவில் 160 உயிர்களைப் பறித்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' யுத்தம்: முழுப் பின்னணி

1995 ஆகஸ்ட் 9. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், ஹோஷெலாகா-மெசோனெவ் என்ற தொழிலாளர்கள் வாழும் பகுதியில், தெருவில் நின்ற ஜீப் ஒன்று குண்டு வெடித்துச் சிதறியது. குறி வைக்கப்பட்டவர் ஜீப்பில் இருந்த போதைப்பொருள் வியாபாரி. அவர் அங்கேயே இறந்தார். ஆனால் பறந்து வந்த ஒரு உலோகத் துண்டு, அருகில் விளையாடிக்கொண்டிருந்த டானியல் டெரோஷே என்ற 11 வயது சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாட்கள் உயிருக்குப் போராடிய டானியல், மருத்துவமனையில் உயிரிழந்தான்.

அந்தக் குண்டை வைத்தது யார் என்பது இன்றுவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரு சாவு கனடாவின் குற்றவியல் சட்டத்தையே மாற்றியது.

அதுவரை கியூபெக் மாகாணத்தில் பலரும் இதை "ரவுடிகளுக்குள்ள அடிச்சுக்கிறாங்க, நமக்கென்ன?" என்றுதான் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், இன்னொரு பக்கம் ராக் மெஷின். இரண்டுமே மோட்டார் சைக்கிள் கிளப்கள். 1994-ல் தொடங்கி 2002 வரை நீடித்த இந்த மோதலில் 160-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

பைக் ஓட்டுபவர்களின் சங்கம் எப்படி இந்த நிலைக்கு வந்தது? அதைவிட முக்கியமான கேள்வி: ஒரு கிளப்பில் உறுப்பினராக இருப்பதையே குற்றம் என்று சொல்ல முடியுமா? கனடா இந்தக் கேள்விக்கு 30 வருடமாக பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

தொடங்கியது எங்கே?

ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பிறந்தது 1948-ல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலருக்கு அமைதியான வாழ்க்கை ஒட்டவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் மலிவாகக் கிடைத்தது. கூட்டம் கூட்டமாக சுற்றத் தொடங்கினார்கள். கிளப்பின் பெயர்கூட போர்க்காலத்தில் விமானப்படைப் பிரிவுகளுக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயரில் இருந்து வந்ததுதான்.

'அவுட்லா' கிளப் என்ற சொல்லுக்கு அப்போது பெரிய அர்த்தம் இல்லை. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் விதிகளுக்குள் வராத கிளப் என்பது மட்டும்தான். 1947-ல் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் நடந்த பைக் விழாவில் ரகளை ஆனது. அதன் பிறகு, "பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் சட்டத்தை மதிப்பவர்கள்" என்று அந்தச் சங்கம் சொன்னதாக ஒரு கதை பரவியது. சங்கமோ, அப்படிச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை என்கிறது. ஆனால் இந்த கிளப்காரர்கள் விடவில்லை. "அப்போ அந்த மிச்சம் 1 சதவீதம் நாங்கதான்" என்று '1%' என்ற சின்னத்தையே ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டார்கள். சொன்னார்களா என்றே தெரியாத ஒரு வாக்கியத்தில் இருந்து ஒரு அடையாளம் உருவான கதை இது.

1957-ல் ஓக்லாந்து கிளையைத் தொடங்கிய சன்னி பார்ஜர்தான் இதை கட்டுக்கோப்பான அமைப்பாக மாற்றியவர். 1969 டிசம்பரில் ஆல்டமான்ட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக் கச்சேரிக்கு இவர்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள். சம்பளம், 500 டாலர் மதிப்புள்ள பீர். அந்தக் கச்சேரியில் 18 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் கிளப் உறுப்பினரால் குத்திக் கொல்லப்பட்டார். இளைஞர் கையில் துப்பாக்கி இருந்தது படச்சுருளில் பதிவாகியிருந்ததால், தற்காப்பு என்று கூறி ஜூரி அந்த உறுப்பினரை விடுவித்தது. உலகம் முழுக்க கிளப்பின் பெயர் பரவியதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

முதுகில் இருக்கும் அந்தச் சின்னம்

ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் எப்படி இயங்குகிறது என்று புரிய வேண்டுமானால் அந்த ஜாக்கெட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். முதுகில், இறக்கை முளைத்த மண்டை ஓடு. மேலே கிளப்பின் பெயர், கீழே பகுதியின் பெயர். இதைத்தான் 'பேட்ச்' என்கிறார்கள்.

காசு கொடுத்து இதை வாங்க முடியாது. முதலில் கூடவே சுற்றவேண்டும், பிறகு எடுபிடியாக வேலை செய்யவேண்டும், அதன் பிறகு மற்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால்தான் முழு பேட்ச். இதற்கே வருடக்கணக்கில் ஆகும். போலீஸ் உளவாளிகள் உள்ளே நுழைவது கடினமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு பக்கம், அந்தச் சின்னம் அவர்களுக்கு பதிவு செய்யப்பட்ட வர்த்தக முத்திரை. ஒரு சினிமாவுக்காக டிஸ்னி நிறுவனத்தின் மீதும், 2010-ல் அலெக்சாண்டர் மெக்குயீன் என்ற ஃபேஷன் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். சட்டத்துக்கு வெளியே வாழ்பவர்கள் என்று பெருமை பேசுபவர்கள், லோகோவைக் காப்பாற்ற மட்டும் நேராக நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்!

ஒரு கடைக்காரரிடம் பணம் கேட்டுப் போகும்போது, இந்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தால் மிரட்ட ஒரு வார்த்தைகூட தேவையில்லை. அதனால்தான் அந்தச் சின்னத்துக்கு இவ்வளவு மதிப்பு. இது பின்னால் நீதிமன்றத்திலேயே விவாதம் ஆனது.

கனடாவுக்குள் நுழைந்தது எப்படி?

1977 டிசம்பரில், கியூபெக்கில் இருந்த 'போபாய்ஸ்' என்ற உள்ளூர் கிளப்பை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதுதான் கனடாவில் முதல் கிளை. அந்த போபாய்ஸ் ஏற்கெனவே முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது.

எட்டு வருடம் கழித்து நடந்தது, உலகம் முழுக்க உள்ள பைக் கிளப்களையே அதிரவைத்தது. 1985 மார்ச் 24 அன்று, ஷெர்ப்ரூக் அருகே லெனாக்ஸ்வில் என்ற இடத்தில் உள்ள கிளப் கட்டிடத்துக்கு லாவல் கிளை உறுப்பினர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் சொந்த கிளப்காரர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். உடல்கள் தூங்கும் பைகளில் சுற்றப்பட்டு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் வீசப்பட்டன. அவர்கள் மீதான குற்றச்சாட்டு: விற்க வேண்டிய கொக்கெய்னை தாங்களே பயன்படுத்துகிறார்கள், கணக்கில் கைவைக்கிறார்கள்.

அதே லாவல் கிளையைச் சேர்ந்த ஈவ் ட்ரூடோ அன்று போதை மறுவாழ்வு மையத்தில் இருந்ததால் தப்பினார். அடுத்த குறி தான்தான் என்று தெரிந்ததும் அப்ரூவர் ஆனார். 43 கொலைகளை ஒப்புக்கொண்டார். ஆம், 43! அரசோடு போட்ட ஒப்பந்தத்தின்படி ஆயுள் தண்டனை கிடைத்தாலும், ஏழு வருடத்தில் பரோல் கேட்கும் தகுதி கொடுக்கப்பட்டது. 1994-ல் வெளியே வந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களோடு பேரம் பேசாமல் இந்த அமைப்பை உடைக்க முடியாது என்பது கனடா போலீஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பேரத்துக்கு என்ன விலை என்பதும்தான்.

இந்தப் படுகொலையைப் பார்த்து வெறுத்துப்போனவர்களில் ஒருவர் சால்வடோர் கசெட்டா. சொந்த ஆட்களையே கொல்லும் கிளப்பில் சேர மாட்டேன் என்று, 1986-ல் ராக் மெஷின் என்ற தனி கும்பலைத் தொடங்கினார். இவர்கள் முதலில் ஜாக்கெட்டில் பேட்ச் தைக்கவில்லை. மோதிரம்தான் அடையாளம். கசெட்டாவின் பழைய நண்பர் ஒருவரோ ஹெல்ஸ் ஏஞ்சல்ஸில் சேர்ந்தார். அவர் பெயர் மொரிஸ் பூஷே. செல்லப்பெயர் 'மாம்', அதாவது அம்மா.

யார் இந்த 'மாம்' பூஷே?

வறுமையான கிழக்கு மாண்ட்ரியலில் வளர்ந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, சிறைக்குப் போய் வந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அவருடைய திட்டம் எளிமையானது: மாண்ட்ரியலில் கொக்கெய்ன் விற்பவர் யாராக இருந்தாலும் சரக்கை எங்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டும். கசெட்டா இருந்தவரை பெரிய மோதல் இல்லை. 1994-ல் கசெட்டா போதைக் கடத்தல் வழக்கில் கைதானதும் பூஷே காய் நகர்த்தினார். ராக் மெஷினும், தனியாக வியாபாரம் செய்துவந்த போதைக் கும்பல்களும் சில பார் உரிமையாளர்களும் கூட்டணி சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த ஜூலையில் முதல் கொலை விழுந்தது.

பூஷே உருவாக்கிய அமைப்பு ஒரு கம்பெனி மாதிரி இருந்தது. மேலே, 1995-ல் தொடங்கிய 'நோமாட்ஸ்' என்ற உயர்மட்டக் கிளை. இதற்கு ஊர் எல்லை கிடையாது. அதற்குக் கீழே 'ராக்கர்ஸ்' என்ற எடுபிடி கிளப். அதற்கும் கீழே தெருவில் சரக்கு விற்பவர்கள். ராக்கர்ஸ் உறுப்பினர்கள் வருமானத்தில் 10 சதவீதத்தை கிளப் நிதிக்குக் கட்ட வேண்டும். அவர்களுக்குள் இரண்டு அணிகள். ஆளை அடித்து நொறுக்குவது 'பேஸ்பால்' அணி. ஆளையே முடிப்பது 'ஃபுட்பால்' அணி. போனில் ஒட்டுக்கேட்டாலும் யாரோ விளையாட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும்.

நோமாட்ஸ் உறுப்பினர் யாரும் சரக்கைத் தொடமாட்டார். துப்பாக்கியும் எடுக்கமாட்டார். மாட்டுவது எப்போதும் கீழே இருப்பவன். ஒவ்வொரு கொலையையும் தனித்தனி வழக்காகப் பார்க்கும் பழைய சட்டத்தால் மேலே இருப்பவரைத் தொடவே முடியவில்லை.

பணம் எவ்வளவு புரண்டது? கிழக்கு மாண்ட்ரியலில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் பணத்தை எண்ணுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். போலீஸ் அங்கே ரகசியமாக நுழைந்து கம்ப்யூட்டரில் இருந்த கணக்கை நகல் எடுத்தது. 2000-ம் ஆண்டில், முழுதாக ஒரு வருடம்கூட இல்லாத காலத்தில், 10 கோடி கனடா டாலருக்கு மேல் வியாபாரம் நடந்திருந்தது.

சிக்கியவர்கள் அப்பாவிகள்

டானியலின் மரணத்துக்குப் பிறகு அவனுடைய தாய் தெருவில் இறங்கினார். இந்த கும்பல்களை ஒடுக்க தனிச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார், அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார். அதே இலையுதிர் காலத்தில் 'கார்காஜூ' என்ற கூட்டுப் போலீஸ் படை உருவானது. 1997 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பாக, கும்பல் எதிர்ப்புச் சட்டம் அவசரமாக நிறைவேறியது. குற்ற அமைப்பின் நடவடிக்கையில் பங்கெடுத்தால் கூடுதலாக 14 ஆண்டுகள் வரை சிறை.

ஆனால் சட்டம் வந்தும் ரத்தம் நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம், வேலை முடிந்து காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண் சிறைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு குழந்தைகளின் தாய். செப்டம்பரில் இன்னொரு சிறைக் காவலர், சிறை பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். இருவருக்கும் இந்த யுத்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. சிறைக் காவலர் என்ற சீருடைதான் காரணம்.

ஏன்? கொலையாளிகளில் ஒருவரான ஸ்டெஃபான் காஞே பிடிபட்டு அப்ரூவர் ஆனபோது காரணம் வெளியே வந்தது. சிறைக் காவலரைக் கொன்றவனோடு அரசு எந்த ஒப்பந்தமும் போடாது. ஆகவே அப்படிக் கொலை செய்தவன் வாழ்நாளில் அப்ரூவர் ஆக முடியாது. ட்ரூடோ செய்ததை இன்னொருவன் செய்துவிடக்கூடாது என்பதற்காக போட்ட கணக்கு. அதற்கு விலை, சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்கள். கடைசியில் அரசு காஞேவோடும் பேசத்தான் செய்தது.

1998 நவம்பரில் பூஷே விடுதலையானார். காஞேவின் வாக்குமூலத்தை ஜூரி நம்பவில்லை. அன்று இரவே நகரின் பெரிய அரங்கில் குத்துச்சண்டை பார்க்கப் போன பூஷேயைக் கூட்டம் கைதட்டி வரவேற்றது. பயமா, ரசிப்பா? இரண்டும் கலந்திருக்கலாம். பூஷே அப்போது பத்திரிகைகளில் ஒரு பிரபலம்.

பிறகும் பட்டியல் நீண்டது. 1999-ல் வாகன வாடகைக் கடை ஒன்றில் வேலை பார்த்தவர், குறி வைக்கப்பட்டவரின் அதே முதல் பெயர் இருந்ததால் ஆள் மாறிச் சுடப்பட்டார். 2000 அக்டோபரில், தன் பாரில் போதை விற்கக்கூடாது என்று சொன்ன இளம் உரிமையாளர் பட்டப்பகலில் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொல்லப்பட்டார்.

அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 13 அன்று, இந்த கும்பல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த பத்திரிகையாளர் மிஷேல் ஓஜே அலுவலக கார் நிறுத்துமிடத்தில் முதுகில் சுடப்பட்டார். ஆறு குண்டுகள் பாய்ந்தும், கீழே விழுந்த நிலையில் தானே போனை எடுத்து அவசர உதவிக்கு அழைத்தார். பிழைத்துக்கொண்டார். சில மாதங்களில் திரும்பவும் எழுதத் தொடங்கினார். 2020-ல்தான் காலமானார்.

இந்தத் தாக்குதல் பூஷே தரப்புக்குப் பின்னடைவாகிப்போனது. பத்திரிகையாளர்கள் பேரணி நடத்தினார்கள், கிளப்களையே தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. சில வாரங்களிலேயே பூஷேயும் ராக் மெஷின் தலைவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் போட்டோ வெளியானது. சமாதானமாம்! கேமராவை அழைத்துவைத்துச் செய்த சமாதானம். புதிய சட்டத்தைத் தடுப்பதற்கான நாடகம் என்பதைத் தாண்டி அதில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அது நீடிக்கவும் இல்லை. ராக் மெஷின், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் உலகளாவிய எதிரியான 'பாண்டிடோஸ்' கிளப்போடு இணையும் பாதையில் போனது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் அந்த டிசம்பரில் ஒன்டாரியோ மாகாணத்தின் பல கிளப்களை ஒரே நாளில் விழுங்கி, 160-க்கும் மேற்பட்டவர்களுக்கு பேட்ச் கொடுத்தது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய பேட்ச், போட்டி என்று வந்ததும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது.

வலை விழுந்த நாள்

2001 மார்ச் 28 அதிகாலை, சுமார் 2,000 போலீஸார் மாகாணம் முழுக்க ஒரே நேரத்தில் இறங்கினார்கள். நோமாட்ஸ், ராக்கர்ஸ் இரண்டும் கிட்டத்தட்ட மொத்தமாகவே வளைக்கப்பட்டன. 100-க்கும் மேற்பட்டோர் கைது. இத்தனை பேரை ஒன்றாக விசாரிக்க இடமே இல்லை என்பதால், சிறைக்குப் பக்கத்திலேயே ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலவழித்து தனி நீதிமன்றமே கட்டினார்கள்.

பூஷேயின் விடுதலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே ரத்து செய்திருந்தது. 2002 மே 5 அன்று, இரண்டு சிறைக் காவலர்கள் கொலையிலும் அவர் குற்றவாளி என்று இரண்டாவது ஜூரி தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனை, 25 ஆண்டுகள் பரோல் கிடையாது. 2022 ஜூலையில், 69 வயதில், புற்றுநோயால் சிறைவாசத்திலேயே இறந்தார்.

சட்டமும் 2002 தொடக்கத்தில் இன்னும் கடுமையாக்கப்பட்டது. முன்பு ஐந்து பேர் இருந்தால்தான் குற்ற அமைப்பு. இப்போது மூன்று பேர் போதும். உத்தரவு போடும் தலைவருக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். பத்திரிகையாளர்களை மிரட்டுவது தனிக் குற்றம் ஆனது.

அப்போ பிரச்னை முடிந்துவிட்டதா?

இல்லை. இங்கேதான் கதை சிக்கலாகிறது.

2009 ஏப்ரலில் கியூபெக் போலீஸ் இன்னும் பெரிய வலையை விரித்தது. 'ஷார்க்' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் குறி 156 பேர். மாகாணத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அரசுத் தரப்பின் வாதம்: 1994-ல் யுத்தம் தொடங்கலாமா என்று கிளப்புக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்ட எல்லோருமே அதன் பிறகு நடந்த கொலைகளுக்குப் பொறுப்பு. இந்த வாதத்துக்கு அடித்தளமாக இருந்த முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு அரசு கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 29 லட்சம் டாலர்.

கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. நடந்ததோ வேறு. வழக்கு பெரிதாகப் பெரிதாக, விசாரிக்கவே வருடக்கணக்கில் ஆகும் நிலை வந்தது. 2011-ல் நீதிபதி ஜேம்ஸ் ப்ரன்டன், நியாயமான காலத்துக்குள் விசாரணை நடக்க வாய்ப்பே இல்லை என்று கூறி 31 பேரை விடுவித்தார். 2015 அக்டோபரில், கொலை வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, எதிர்த்தரப்புக்குத் தந்திருக்க வேண்டிய ஆதாரங்களை அரசு வழக்கறிஞர்கள் தாமதமாகக் கொடுத்தது தெரியவந்தது. மேலும் ஐந்து பேர் மீதான வழக்கு மொத்தமாக நிறுத்தப்பட்டது. பலர் அதற்கு முன்பே சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றிருந்தார்கள் என்றாலும், மற்ற பல கொலைகளில் யார் என்ன செய்தார்கள் என்பது நீதிமன்றத்தில் சொல்லப்படாமலே போனது. 160 குடும்பங்களில் பலவற்றுக்கு பதிலே கிடைக்கவில்லை.

நீதிபதியைக் குறை சொல்வது எளிது. ஆனால் தவறு அரசுத் தரப்பில் நடந்தது. ஒரு அமைப்பையே கூண்டில் ஏற்ற நினைத்து, ஒவ்வொரு ஆளுக்கும் எதிரான ஆதாரத்தை ஒழுங்காகக் கையாளவில்லை.

ராக் மெஷினைத் தொடங்கிய அந்த சால்வடோர் கசெட்டா என்ன ஆனார்? சிறையில் இருந்து வெளியே வந்து, 2005-ல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸிலேயே சேர்ந்துவிட்டார்!

ஜாக்கெட் போடுவது குற்றமா?

நெதர்லாந்தில் 2019 மே மாதம் உட்ரெக்ட் நீதிமன்றம் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸை நாடு முழுக்கத் தடை செய்தது. ஜெர்மனியில் பல கிளைகளுக்குத் தடை உண்டு. கனடாவில் அப்படி இல்லை. சங்கம் சேரும் உரிமை அரசியல் சாசனத்தில் இருப்பதால், கிளப்பையே சட்டவிரோதம் என்று அறிவிக்க அரசுகள் தயங்கின.

அதற்குப் பதிலாக வழக்கு வழக்காகப் போராட்டம் நடக்கிறது. 2002-ல் ஒன்டாரியோவின் பாரி நகரில், இரண்டு உறுப்பினர்கள் ஒரு வியாபாரியின் வீட்டுக்குப் போய் 75,000 டாலர் கேட்டு மிரட்டினார்கள். போகும்போது கிளப் சின்னம் போட்ட உடை அணிந்திருந்தார்கள். 2005-ல் தீர்ப்பளித்த நீதிபதி மிஷெல் ஃபியூர்ஸ்ட், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஒரு குற்ற அமைப்பு என்றும், அந்த வன்முறைப் பெயரையே இவர்கள் ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள் என்றும் முடிவு செய்தார். கனடாவில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் முறை.

ஆனால் அந்தத் தீர்ப்பு அந்த வழக்குக்கு மட்டும்தான். 2008-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த இன்னொரு வழக்கில், வான்கூவர் பகுதி கிளைக்காக அந்தக் குற்றம் செய்யப்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே கிளப், அதே சின்னம், வேறு முடிவு. எனவே ஒவ்வொரு முறையும் நிபுணர் சாட்சியம், பழைய வழக்குகள், ஒட்டுக்கேட்ட பேச்சுகள் என்று அனைத்தையும் முதலில் இருந்து அடுக்கி, இது குற்ற அமைப்புதான் என்று அரசு வழக்கறிஞர் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது, மண்டை ஓடு போட்ட ஜாக்கெட்டோடு கனடாவின் நெடுஞ்சாலைகளில் அவர்கள் சட்டப்படியே பைக் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.